அர்டிஸ் விளக்கிச் சொல்ல மாட்டாள்

அர்டிஸ் ஃபோஸ்ஹைம் பத்தொன்பது ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் கோட் மாட்டுகிற ஒரு கம்பிதான். ஓஸ்டர்வில் என்கிற எங்கள் சின்ன ஊரில் இருந்த ஒரே பயண ஏஜென்சி எங்களுடையது. முதலாளி லைல் பின்னறையில் இருப்பார். முன்னால் நாங்கள் இருவர். குளிர் தாங்காமல் ஃபீனிக்ஸுக்கு ஓடுகிற கிழங்கள், பஸ் எடுத்துப் பாட்டுக் கச்சேரி பார்க்கப் போகிற சர்ச் கூட்டம், வாழ்நாளில் ஒரு தடவை நார்வேக்குப் போய்ப் பாட்டன் பூட்டன் பிறந்த வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இவர்கள்தான் எங்கள் பிழைப்பு.

டிக்கெட்டோடு பயணக் காப்பீட்டுத் தாளையும் நீட்டுவோம். ஆனால் நாங்கள் காப்பீடு விற்கிறவர்கள் இல்லை. லைசன்ஸ் இருப்பது மினியாபொலிஸில் உள்ள ஒரு கம்பெனிக்கு. அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் எங்கள் கடைப் பெயரும் இருக்கிறது, அதனால் மாநிலச் சட்டம் எங்களைக் கொஞ்சம் அனுமதிக்கிறது. தாளைக் கொடுக்கலாம், படிவத்தை வாங்கலாம், பணத்தை வாங்கலாம். பாலிசியில் இருப்பதற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. உனக்கு இது போதும், போதாது என்று ஆலோசனை சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதைப் படித்து, பத்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அர்டிஸ் எப்போதும் பத்துக்குப் பத்து. எனக்கு எட்டு வரும். ஒரு வருடம் ஏழு வந்து, லைல் என்னை முறைத்தார்.

எவராவது காப்பீட்டைப் பற்றி எதையாவது கேட்டால் அர்டிஸிடம் ஒரே பதில்தான். "அதுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க, லைசன்ஸ் உள்ளவங்க சொல்லுவாங்க." ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்வாள். ஒரு நாள் பாஸ்டர் டேல் வந்து, "அர்டிஸ், வழியில காலு ஒடிஞ்சா குடுப்பாங்களா மாட்டாங்களா? வாயத் தெறக்க வேண்டாம், தலைய மட்டும் ஆட்டு" என்று கெஞ்சினார். கழுத்தில் கட்டுப் போட்டவளைப் போலத் தலையை அசைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கீபோர்டில் கொட்டினேன். ஒரு வாரம் ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தேன்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மில் தெருவில் இருந்த ஒரு விதவை, கப்பல் பயணம் ரத்தானால் பணம் வருமா என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் குடுப்பாங்க" என்று அர்டிஸ் சொல்லிவிட்டாள். கொடுக்கவில்லை. அந்தம்மா சண்டை போடவில்லை, புகார் எழுதவில்லை. எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வணக்கம் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு அர்டிஸ் வீட்டுக்குக் குக்கீகூட அனுப்பினாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கடை வாசற்படியை மிதிக்கவில்லை. எங்கள் ஊரில் மனிதர்கள் கோபப்படுவது இப்படித்தான். திட்டியிருந்தால் அர்டிஸ் ஒரு மாதத்தில் மறந்திருப்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள். இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. பதினொன்றே முக்காலுக்கு முட்டை சாண்ட்விச்சை நான்காக வெட்டிச் சாப்பிடுவாள். ஞாயிறு மதியம் மட்டும் தம்பி வெர்லின் வீட்டில், ஊருக்கு வெளியே பண்ணையில் சாப்பாடு. தம்பி, தம்பி மனைவி கோரின், இவள், மூன்று பேர்தான் அந்தக் குடும்பம். அவள் அம்மா இறந்தபோதுகூட மறுநாள் வேலைக்கு வந்தாள். மரத்துப்போன பிறவி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வெர்லின் ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தான். அவனும் கோரினும் ஆகஸ்டில் நார்வேக்குப் போவதாக ஏற்பாடு, முன்பணம் கட்டியாகிவிட்டது. பிப்ரவரியில் அவனுக்கு நெஞ்சு வலி வந்து டாக்டர் மாத்திரையை மாற்றியது ஊருக்கே தெரியும். அந்தக் காப்பீட்டுத் தாளில் மூன்றாம் பக்கம், பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. முன்பணம் கட்டிய பதினான்கு நாளுக்குள் வாங்கினால் பழைய நோய்க்கும் செல்லும். அதற்குப் பிறகு வாங்கினால் செல்லாது. அந்த வியாழக்கிழமைதான் பதினான்காவது நாள்.

அவன் அர்டிஸ் மேசை முன்னால் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"இந்த இன்சூரன்ஸ் சமாச்சாரம் இருக்குல்ல அர்டிஸ். இப்பவே வாங்கணுமா, இல்ல ஜூன்ல மிச்சப் பணம் கட்டறப்ப சேத்து வாங்கிக்கலாமா? எப்ப வாங்கினாலும் ஒண்ணுதானே?"

"அதுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இந்த நம்பருக்குப் போன் பண்ணு."

"அடப் போ. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு உசிர எடுப்பான். அவங்களப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீ சொல்லேன்."

"அந்தத் தாளை முழுசாப் படி வெர்லின்."

"படிக்கிறேன், படிக்கிறேன். ஏதாவது தப்புன்னா நீ சொல்லாமயா இருப்ப?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கும் கையை ஆட்டிவிட்டுப் போனான். எங்கள் ஊரில் ஒருவர் பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான்.

கதவு மூடியதும் நான் கேட்டேன். "ஏய் அர்டிஸ், இன்னிக்குப் பதினாலாவது நாளுடி."

"தெரியும்."

"சொல்ல மாட்ட?"

"கவுன்ட்டர்ல சொல்லக் கூடாது மார்வா."

கவுன்ட்டரில்தானே கூடாது, சாயங்காலம் வீட்டுக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவன் அவள் தம்பி, எனக்கு எதற்கு வம்பு என்றும் நினைத்தேன். தெருவில் ஓடிப்போய் அவனைக் கூப்பிட எனக்குக் கால் இருந்தது. வண்டியை எடுக்கும்முன் கண்ணாடியில் ஒட்டிய ஐஸை அவன் சுரண்டிக்கொண்டிருந்தான், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

ஜூனில் வந்து மிச்சத்தைக் கட்டியபோது காப்பீட்டையும் சேர்த்து வாங்கினான். அர்டிஸ்தான் படிவத்தை வாங்கி முத்திரை குத்தினாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

நார்வேயில் நான்காம் நாள் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். பிறகு நர்ஸோடு ஒரு தனி விமானத்தில் படுக்க வைத்தே இங்கே ராச்செஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு நாள் இருந்தான். செப்டம்பர் கடைசியில் போய்விட்டான். சர்ச் அடித்தளத்தில் அவன் சாவுச் சாப்பாட்டுக்கு அர்டிஸ் இருநூறு பன்னுக்கு நடுவில் பன்றி இறைச்சி வைத்தாள். யாராவது கையைப் பிடித்து ஏதாவது சொன்னால், "நன்றி, காப்பி அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிட்டது. பதினான்கு நாள் தாண்டி வாங்கியது, பிப்ரவரியில் மாத்திரை மாற்றியது, ஆகவே செல்லாது. ஆஸ்பத்திரிக்கும் அந்த விமானத்துக்கும் கொடுக்க வேண்டுமானால் ஆற்றங்கரையில் இருந்த எண்பது ஏக்கரை விற்க வேண்டும். பண்ணையில் விளைகிற நிலம் அதுதான். மேட்டில் இருப்பதெல்லாம் கல். அது போனால் கோரின் பண்ணையை நடத்த முடியாது.

கோரின் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் எழுதினாள். அதன் நகல் லைலுக்கு வந்தது. 'எப்போது வாங்கினாலும் ஒன்றுதான் என்று கடைப் பெண் சொன்னதாக என் கணவர் அன்று மாலை வந்து என்னிடம் சொன்னார்' என்று இருந்தது. கடைப் பெண் என்றுதான் எழுதியிருந்தாள். நாத்தனாரின் பெயரை எழுதவில்லை.

லைலுக்கு உதறல் எடுத்தது. லைசன்ஸ் இல்லாத கடைக்காரர் தப்பாகச் சொல்லி விற்றார் என்று ஆனால், கம்பெனி அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டி வரும். எங்கள் கடைப் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். சொன்னவள் இனி இந்தத் தொழிலில் எந்த மேசையிலும் உட்கார முடியாது. அவர் இதை எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். அர்டிஸ் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படின்னா கோரினுக்குப் பணம் வந்துடுமா?" என்று மட்டும் கேட்டாள். "அவ பணத்த விடு, நம்ம கதிய யோசி" என்றார் லைல்.

அக்டோபரில் மாநிலத் தலைநகரான செயின்ட் பாலிலிருந்து மிஸ் யாங் என்ற விசாரணை அதிகாரி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். லைலின் அறையில் உட்கார்ந்து முதலில் என்னைக் கூப்பிட்டாள். அர்டிஸைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் நான் வெளுத்து வாங்கினேன்.

"அர்டிஸா? அவ சொல்லியிருக்கவே மாட்டா. நான் பக்கத்துலயே இருந்தேன், என் காதால கேட்டேன். நம்பருக்குப் போன் பண்ணுன்னுதான் சொன்னா. பாஸ்டர் கேட்டே தலைய ஆட்டாதவ! இந்த மாநிலத்துலயே இவளவிட ஒழுங்கா ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்."

மிஸ் யாங் எழுதிக்கொண்டாள். நான் மிடுக்காக வெளியே வந்தேன். கோரினின் எண்பது ஏக்கர் என் நினைப்பிலேயே இல்லை.

அடுத்து அர்டிஸ் போனாள். லைல் அறைக் கதவு தரைவிரிப்பில் தட்டி எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும். எல்லாம் கேட்டது.

"ஏப்ரல்ல உங்க தம்பி வந்தப்ப என்ன சொன்னீங்க மேடம்?"

"எப்ப வாங்கினாலும் ஒண்ணுதான்னு சொன்னேன்."

நம்பரைச் சொல்லுகிற அதே குரல்.

"ஒங்க பக்கத்து மேசை மேடம் வேற மாதிரி சொல்றாங்களே."

"மார்வா ரேடியோவச் சத்தமா வெச்சிருப்பா. அவளுக்குக் கேட்டிருக்காது."

மிஸ் யாங் தணிந்த குரலில் சொன்னாள். "மேடம், ஒங்ககிட்ட டிக்கெட் வாங்கின பதினோரு பேரோட போன்ல பேசிட்டுத்தான் வந்திருக்கேன். பதினோரு பேரும், நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டீங்கன்னுதான் சொல்றாங்க. ஒருத்தர் அதுக்காக ஒங்க மேல இன்னும் கோவமா இருக்காரு. நீங்க இப்ப சொல்றத நான் எழுதிக்கிறேன். ஆனா இத யாரும் நம்பப் போறதில்ல."

"நான் சொன்னேன்" என்றாள் அர்டிஸ்.

"எழுதிக்கிட்டேன் மேடம்." காகிதம் புரளும் சத்தம். "இது விசாரணைக்கு இல்ல, இனிமே ஒங்களுக்கு ஒதவும்னு சொல்றேன். தாள்ல அச்சடிச்சிருக்கறதப் படிச்சுக் காட்டறதுக்குச் சட்டத்துல தடையே கெடையாது. பதினாலு நாள்னு தாள்லயே இருக்கு பாருங்க. அந்த வரி மேல வெரல வெச்சுக் காட்டினா, அது விளக்கம் சொன்னதா ஆகாது."

"ஆகாதா?"

"ஆகாது மேடம். பொதுவா என்ன இருக்குன்னு சொல்லலாம். இது ஒங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு முடிவு பண்ணித்தான் சொல்லக் கூடாது. பயிற்சியில இருக்குமே."

இருந்தது. நானும் படித்திருக்கிறேன். எங்கள் இருவருக்குமே அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியும், பரீட்சையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம். மேசைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டால் வம்பில்லை என்று பழகிவிட்டோம்.

அர்டிஸ் வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொலைபேசி அடித்தது. ஃபீனிக்ஸுக்கு இரண்டு டிக்கெட், ஜன்னலோரம், சர்க்கரை இல்லாத சாப்பாடு. எல்லாவற்றையும் தப்பில்லாமல் எழுதிக்கொண்டாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பரில் கடிதம் வந்தது. விதிமீறல் எதுவும் இல்லை. லைல் அன்று டோனட் வாங்கிவந்து, "நம்ம கடைக்கு நற்சான்றிதழே குடுத்துட்டாங்க!" என்று அர்டிஸ் முதுகில் தட்டினார். நீட்டினார் என்பதற்காக அவள் ஒன்றை எடுத்துத் தின்றாள். அந்தக் கடிதத்தின் நகல் கோரினுக்கும் போயிருக்கிறது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கோரின் வந்தாள். எண்பது ஏக்கருக்கு ஏலத் தேதி குறித்தாகிவிட்டது. அந்த நோட்டீஸ் எங்கள் கடைக்கு எதிரே, வங்கிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. வெர்லின் சாவுக்குப் பிறகு அவள் அர்டிஸோடு பேசி நாங்கள் பார்த்ததில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், வெர்லின் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதத்தை விரித்து மேசையில் வைத்தாள்.

"'கடை ஊழியர் தாமே அப்படிச் சொன்னதாக வாக்குமூலம் தந்தாலும், அதற்கு ஆதாரம் இல்லை'ன்னு போட்டிருக்கு. எனக்காகப் பொய் சொன்னியா அர்டிஸ்?"

"ஆமா."

"அப்ப நீ அவன்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல."

"இல்ல. நான் ஒண்ணும் சொல்லல."

"அவன் வீட்டுக்கு வந்து, அர்டிஸ்கிட்டக் கேட்டேன், எப்ப வாங்கினாலும் ஒண்ணுதானாம்னு சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்." கோரின் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள். "அன்னிக்கே வாங்கியிருந்தா குடுத்திருப்பாங்களா?"

லைல் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"குடுத்திருப்பாங்க" என்றாள் அர்டிஸ். "அன்னிக்குத்தான் பதினாலாவது நாள். ஆஸ்பத்திரி, விமானம் ரெண்டுக்கும் குடுத்திருப்பாங்க."

"அது ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

கோரின் என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னேன். "எனக்கும் தெரியும் கோரின்." இந்த வாய் ஏப்ரலில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் தலையாட்டினாள். எழுந்து பையை எடுத்தவள், ஏதோ நினைவு வந்து அப்படியே நின்றாள்.

"அன்னிக்குத்தானே சாயங்காலம் நீ போன் பண்ணின? வியாழக்கிழமை. நான்தான் எடுத்தேன். வெர்லின் பக்கத்துலதான் உக்காந்து பூட்ஸக் கழட்டிக்கிட்டு இருந்தான்."

"ஆமா."

"பத்து நிமிஷம் பேசின."

"ஆமா."

"இதச் சொல்லத்தான் போன் பண்ணினியா?"

"ஆமா கோரின்."

"மழை வருமான்னு கேட்ட" என்றாள் கோரின். "வரும்னு சொன்னேன். ரேடியோல சொன்னாங்கன்னு சொன்னேன். அவன்கிட்டக் குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், களைச்சுப் போயிருப்பான்னு சொல்லி வெச்சுட்ட."

அர்டிஸ் இரண்டு கைகளையும் மேசைமேல் தட்டையாக வைத்திருந்தாள். அவள் கண்ணில் நீர் இல்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

"சரி. ஒங்க வேலை நேரத்துல வந்து ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.